முழுசாப் போகாத உணர்வு: 47 வயதுக்காரரின் இடுப்புக்குழி வலி – ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் ‘இவர்’ ஒரே ஆள் அல்ல. சிறுநீரியல் வெளிநோயாளர் பிரிவுக்கு ஒரே வகைச் சிக்கலோடு வரும் சிலரின் விவரங்களைக் கலந்து, அடையாளம் மாற்றி, ஒரு நோயாளியாக்கியிருக்கிறோம். எண்கள் இப்படிப்பட்டவர்களிடம் வழக்கமாகக் காணும் வரம்புக்குள் உள்ளவை.

வந்தபோது

வயது 47. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவு மேற்பார்வையாளர். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, புகை, குடி எதுவும் இல்லை. 14 மாதங்களாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் கனமான வலி. உட்கார்ந்தால் கூடுகிறது, நடந்தால் குறைகிறது. ஆண்குறி நுனியில் எரிச்சல், விந்து வெளியேறிய பின் அரை நாள் குடைச்சல். பகலில் 13 தடவை, இரவில் 3 தடவை சிறுநீர் கழிக்கிறார்.

“ஒண்ணுக்குப் போயிட்டு வந்தாலும் இன்னும் மிச்சம் இருக்கிற மாதிரியே இருக்குதுங்க. திரும்பப் போனா சொட்டுத்தான் வருது.”

மேசைமேல் ஒரு மஞ்சள் பையை வைத்தார். அதில் 6 சிறுநீர் கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை), 2 ஸ்கேன், 2 விந்துப் பரிசோதனை, சிறுநீர் வேகத்தை அளக்கும் ஒரு யூரோஃப்ளோ வரைபடம், தேதி வாரியாக அடுக்கிய மருந்துச் சீட்டுகள். கூடவே ஒரு நோட்டு. ஸ்கேலால் கோடு போட்டு நேரம், அளவு, நிறம், வேகம், நுரை, வலிக்கு பத்துக்கு எத்தனை என்று ஆறு பத்திகள். ஒரு நாளும் விடுபடவில்லை. வேகப் பத்தியில் பெரும்பாலும் ‘சுமார்’; சிவப்பு மையில் சில இடங்களில் ‘மோசம்’.

இந்த நோட்டை ஓரம் தள்ளிவிட்டு “வேற என்ன தொந்தரவு?” என்று கேட்பதுதான் வழக்கம். அது பிழை. நோயாளியின் ஆளுமை அந்த நோட்டில்தான் இருக்கிறது. கேள்வித்தாள் எதுவும் அதை இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

முன்பு நடந்த சிகிச்சை

புராஸ்டேட்டில் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) கிருமி என்று எண்ணி 11 மாதங்களில் ஐந்து சுற்று ஆன்டிபயாடிக்: இரண்டு முறை சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி. நாளுக்கு இருவேளை 28 நாட்கள், இரண்டு முறை லீவோஃப்ளாக்சசின், ஒரு முறை டாக்சிசைக்ளின். ஆறு கல்ச்சரில் ஒன்றில்கூடக் கிருமி வளரவில்லை. ஆனாலும் ஒவ்வொரு சுற்றின் முதல் வாரத்திலும் கொஞ்சம் குறைந்ததாகச் சொல்கிறார். அது நம்பிக்கை தரும் ஆறுதலாக இருக்கலாம். இந்த மருந்துகளுக்கு உள்ள லேசான அழற்சி தணிக்கும் குணமாகவும் இருக்கலாம். கிருமி இருந்ததற்கு அது சான்று ஆகாது.

தூக்கமின்மையும் படபடப்பும் கூடிய வாரங்களை அவர் நோட்டிலேயே எண்ணிப் பார்த்தோம். நான்கில் மூன்று ஃப்ளோரோகுயினலோன் (சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை) சுற்றுகளோடு ஒத்துப்போயின. இந்த மருந்துக் குடும்பத்தின் மனநலப் பக்க விளைவுகளுக்கு – கலக்கம், கவனச் சிதறல், நினைவுக் குறைவு – அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரிக்கையைக் கூர்மையாக்கியது. ‘புராஸ்டேட் வியாதி வந்ததிலிருந்து மனுஷன் மாறிட்டார்’ என்று வீட்டில் சொன்னால், மாத்திரைப் பட்டியலை முதலில் பாருங்கள்.

அடுத்து, சிறுநீர் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மி.கி. இதுதான் இவரை உண்மையில் உடைத்த மருந்து. மூன்றாம் நாள் உறவின்போது உச்சம் வந்தது, விந்து வரவில்லை. அந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவு அது. நிறுத்தினால் சில நாட்களில் சரியாகும், உடலுக்குக் கெடுதல் எதுவும் இல்லை. சீட்டு எழுதியவர் அரை நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “எல்லாமே வத்திப்போச்சுன்னு நினைச்சேனுங்க” என்றார். மலம் கழிக்க முக்கும்போது நுனியில் வழுவழுப்பாக இரண்டு சொட்டு வருவதை ஏற்கெனவே ‘தாது போகுது’ என்று எண்ணியிருந்தார். இப்போது இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டார்: முன்னால் ஒழுகிப் போனது, இன்று தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு நான்கு மாதம் லேகியம்.

விந்து நஷ்டம் குறித்த இந்த அச்சத்துக்கு 1960-இல் மனநல மருத்துவர் என்.என்.விக் ‘தாத்’ நோய்க்குறி என்று பெயர் வைத்தார். நள்ளிரவு டி.வி. நிகழ்ச்சிகள் இன்றும் அதை வைத்துத்தான் பிழைக்கின்றன. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இதில் இல்லை. ஆகவே புராஸ்டேட் மருந்து எழுதும் யாரும் விந்து பற்றிப் பேசாமல் அனுப்பக்கூடாது என்பது எங்கள் கருத்து.

ஒரு மருந்துக்கடைக்காரர் ஃபினாஸ்டிரைடும் பரிந்துரைத்திருக்கிறார், நல்லவேளை, சாப்பிடவில்லை. அந்த மருந்து பெரிதான புராஸ்டேட்டைச் சுருக்குவதற்கு. இவருடையது 22 மி.லி. மட்டுமே. தற்கொலை எண்ணத்தை அதன் பக்க விளைவாக ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் உறுதிசெய்திருக்கிறது. மனச்சோர்வில் இருப்பவருக்குக் கடை மேசையில் எடுத்துக் கொடுக்கும் பொருள் அல்ல அது.

பரிசோதனை

சிறுநீரில் சீழ் செல் 2–3, ரத்தச் செல் இல்லை. சீழ் செல் நிறைய இருந்தும் கல்ச்சரில் ஒன்றும் வளராதிருந்தால் நம் ஊரில் சிறுநீரகக் காசநோயைத் தேடியாக வேண்டும். இவருக்கு அந்தத் தேவை எழவில்லை. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை) 0.9; அதுவும் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் இயல்பு. புராஸ்டேட்டை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு சிறுநீர் மாதிரிகளிலும் வளர்ச்சி இல்லை. தொடை இடுக்கில் உணர்வும் கால் பலமும் சரி.

ஆசனவாய் வழிப் பரிசோதனையை வழக்கமான முறையில் செய்யவில்லை. விரலை முதல் மூட்டுவரை விட்டு அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு புராஸ்டேட்டைத் தொடாமல் பக்கவாட்டில் இடுப்புத்தளத் தசையை வலது, இடது என்று தனித்தனியே மெல்ல அழுத்த வேண்டும். இடப்பக்கம் தொட்டதுமே “அதேதாங்க! அந்த வலிதாங்க!” என்றார். அதன் பிறகு புராஸ்டேட்டை அழுத்தினோம். மிருதுவாக இருந்தது, வலிக்கவில்லை. பழைய சீட்டுகள் மூன்றில் ‘புராஸ்டேட்டில் வலி’ என்று எழுதியிருக்கிறது. விரல் போகிற போக்கில் இறுகிய தசையில் இடித்து வந்த வலியைச் சுரப்பியின் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஐந்து சுற்று ஆன்டிபயாடிக்குக்கும் அதுவே தொடக்கம்.

விரல் உள்ளே இருக்கும்போதே “இறுக்குங்க” என்றால் இறுக்கினார். “விடுங்க” என்றால் விடத் தெரியவில்லை. ‘பலப்படுத்தும்’ பயிற்சி என்று வீடியோ பார்த்து ஆறு மாதமாகத் தினமும் 200 தடவை அந்தத் தசையைச் சுருக்கிக்கொண்டிருந்தார். அது சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்கு உதவும் பயிற்சி. ஏற்கெனவே இறுகிக் கிடப்பவருக்கு வலியைத்தான் வளர்க்கும்.

யூரோஃப்ளோ கதையும் இதே மாதிரி. பையிலிருந்த வரைபடத்தில் உச்ச வேகம் நொடிக்கு 8 மி.லி., பக்கத்தில் ‘அடைப்பு’ என்ற குறிப்பு. ஆனால் போன அளவு 92 மி.லி. மட்டும். 150 மி.லி.க்குக் குறைந்தால் அந்த வேகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தாழ்ப்பாள் இல்லாத அறை, வெளியே பத்துப் பேர், கதவைத் தட்டும் ஊழியர். அங்கே யாருக்குத்தான் வரும்? பொதுக் கழிப்பறையில் பக்கத்தில் ஆள் நின்றால் வராது என்பது இவருக்குப் பள்ளிக்கால வழக்கம். கம்பெனியில் தடுப்பில்லாத இடம் என்பதால் வேலை நேரத்தில் அடக்கியே பழகியவர்.

மறுபரிசோதனைக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லி, முட்டிக்கொண்டு வரும்வரை விட்டு, உள்தாழ்ப்பாள் உள்ள அறையில் குழாயைத் திறந்து வைத்துச் செய்தோம். 290 மி.லி., உச்ச வேகம் 19, எஞ்சியது 25 மி.லி. அடைப்பு இல்லை.

அளவுகோல்கள்

புராஸ்டேட் அழற்சிக்கான என்.ஐ.ஹெச். (அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம்) குறிகுணப் பட்டியலில் 43-க்கு 29: வலி 13, சிறுநீர் 6, வாழ்க்கைத் தரம் 10. சர்வதேசப் புராஸ்டேட் அறிகுறி மதிப்பெண் 35-க்கு 17; 8 முதல் 19 வரை நடுத்தரம். மனச்சோர்வுக்கான பி.ஹெச்.க்யூ-9இல் 15, பதற்றத்துக்கான ஜி.ஏ.டி-7இல் 14. வலியைப் பூதாகரமாக்கிக் காணும் போக்கை அளக்கும் 13 கேள்விப் பட்டியலில் 52-க்கு 34. 30-ஐத் தாண்டினால் கவனம் தேவை.

ஒரு எச்சரிக்கை. இரவில் மூன்று தடவை எழுபவருக்குத் தூக்கம், அசதி, கவனம் ஆகிய கேள்விகளில் மதிப்பெண் தானாக ஏறும். ஆகவே கூட்டுத்தொகையை மட்டும் நம்பாமல் பி.ஹெச்.க்யூ-9இன் முதல் இரண்டு கேள்விகளைத் தனியே பார்க்க வேண்டும்: ஆர்வம் குறைந்ததா, மனம் சோர்ந்ததா. இவருக்கு இரண்டிலும் 2. உண்மையான மனச்சோர்வுதான்.

அதில் தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வியில் 1 போட்டிருந்தார். நேராகக் கேட்டோம். “சாகணும்னு இல்லீங்க. காலைல எந்திரிக்காமப் போனாப் பரவாயில்லைன்னு தோணும்.” திட்டமோ முன்முயற்சியோ இல்லை. தோட்டத்து வீடு என்பதால் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டோம். மாட்டுக் கொட்டகைப் பரணில், திறந்தபடி. அவர் சம்மதத்தோடு மனைவியிடம் சொல்லி, அன்றே அண்ணன் வீட்டுக்கு மாற்றச் சொன்னோம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 சீட்டின் தலைப்பில் எழுதப்பட்டது.

ஆளுமை பற்றி

மனைவி சொன்னது: “அவரு எதையுமே ரெண்டு தடவை பாத்தாத்தான் நம்புவாருங்க. கேஸ் மூடியிருக்கான்னு ராத்திரி எந்திரிச்சுப் பாப்பாரு. கம்பெனில அவரு பாத்த சரக்கு திரும்ப வந்ததே இல்லை.” கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 மொழியில் இது ஒழுங்குப் பிடிவாதமும் எதிர்மறை உணர்ச்சி வயப்படுதலும் மேலோங்கிய ஆளுமை. வேலையும் குடும்பமும் நன்றாகவே நடப்பதால் ஆளுமைக் கோளாறு அல்ல. மனச்சோர்வு உச்சத்தில் இருக்கும்போது யாருடைய குணமும் உள்ளதைவிடக் கோணலாகத் தெரியும். ஆகவே மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்பது என்று மட்டும் குறித்துவைத்தோம்.

இந்தக் குணம் நோயை உண்டாக்கவில்லை. நோய் வந்ததும் அதை என்ன செய்வது என்பதை இந்தக் குணம் முடிவுசெய்தது. இவருடைய அப்பா கடைசி எட்டு மாதம் சிறுநீர்க்குழாயும் பையுமாகக் கிடந்தார். பையை மாற்றியது இவர். அப்பா காலமாகி நான்கு மாதத்தில் இவருக்கு ஒரு வாரம் நீர்க்கடுப்பு. வேறொருவர் என்றால் இளநீர் குடித்துவிட்டு மறந்திருப்பார். இவர் சரக்கைச் செக் செய்வதுபோல ஒவ்வொரு சொட்டையும் செக் செய்யத் தொடங்கினார். கவனம் கூடக் கூட உணர்வு கூர்மையாகும், தசை இறுகும், இறுகிய தசை ‘மிச்சம் இருக்கிறது’ என்ற பொய்ச் செய்தியை அனுப்பும். அந்தச் செய்தியை நம்பிப் போய் முக்கினால் இறுக்கம் இன்னும் கூடும். பயந்த நாய் வாலைச் சுருட்டிக்கொள்ளும் அல்லவா? வால் இல்லாவிட்டாலும் அதே தசைகள் நமக்கும் உண்டு.

சிறுநீர்ப்பை சுருங்குவதும் கீழ்த்தசை தளர்வதும் ஒரே நொடியில் நடக்க மூளைத்தண்டிலுள்ள ஒரு மையம் உத்தரவிட வேண்டும். 1925-இல் பேரிங்டன் பூனைகளில் கண்டறிந்த மையம் அது. உடலை விழிப்போடு வைக்கும் நரம்புக்கூட்டம் அதற்குப் பக்கத்து வீடு. பதற்றத்தில் அந்த உத்தரவு தடைபடுவது உடலின் இயல்பு. ‘எல்லாம் மனப்பிரமை’ என்பதும் தவறு, ‘எல்லாம் புராஸ்டேட்’ என்பதும் தவறு.

2009-இல் வெளிவந்த ‘யூபாயிண்ட்’ முறை இந்த வலியை ஆறு பெட்டிகளாகப் பிரித்துப் பார்க்கிறது. இவருக்குச் சிறுநீர், மனம்-சமூகம், தசைவலி ஆகிய மூன்றிலும் ஆம். சுரப்பி, கிருமி, நரம்பு ஆகிய மூன்றிலும் இல்லை. நோய்முடிவு: நாள்பட்ட இடுப்புக்குழி வலி நோய்க்குறி, கூடவே நடுத்தர மனச்சோர்வு.

செய்தது

முதல் நாளே ஒரு தவறு நடந்தது. ‘மனநலப் பிரிவுக்கு’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தோம், அவர் போகவில்லை. “வலின்னு வந்தா பைத்தியம்னு அனுப்பறீங்களா” என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் மனநல மருத்துவர் சிறுநீரியல் அறைக்கே வந்து அதே மேசையில் உட்கார்ந்தார். அதன் பின் சிக்கல் இல்லை.

ஆன்டிபயாடிக் நிறுத்தம். காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், முழு அடைப்பு, தொடை இடுக்கில் மரத்துப்போதல் ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் ஒழிய மூன்று மாதத்துக்குப் புதுப் பரிசோதனை இல்லை.

தசைக்கு: மல்லாந்து படுத்து, கெண்டைக்காலை நாற்காலிமேல் வைத்து, 4 எண்ணும்வரை மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, 6 எண்ணும்வரை விட வேண்டும். இழுக்கும்போது விதைப்பைக்குப் பின்னுள்ள இடம் கீழே இறங்குவதை விரல் வைத்து உணர வேண்டும். பத்து நிமிடம், இருவேளை. இரவில் 15 நிமிடம் வெதுவெதுப்பான நீர்த் தொட்டியில் உட்கார வேண்டும். இடுப்புத்தளத் தசையை உள்வழியாகத் தளர்த்தத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் பெரிய ஊர்களிலேயே அரிது. கிடைக்காதவரை தொடை உட்தசையையும் பிட்டத்தசையையும் 30 நொடி வீதம் மூன்று தடவை நீட்டினால் போதும். வலிக்கும் நாளில் படுத்தே கிடக்கக்கூடாது. நாள்பட்ட இடுப்புக்குழி வலியில் வலிக்குப் பயந்து ஓய்வெடுப்பது முடக்கத்தைக் கூட்டும்.

சிறுநீருக்கு: உட்கார்ந்து கழிப்பது, முக்காமல் இருப்பது, ‘எதுக்கும் போயிட்டு வந்திருவோம்’ என்பதை விடுவது. ஒரு தடவை போனால் அடுத்ததற்கு 75 நிமிடம். வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டுவது. இது சாத்தியம் என்று காட்டியது அவர் நோட்டுதான். வெளிநாட்டு பையர் வந்த நாளில் நான்கு மணி நேரம் போகவே இல்லை. பிறகு அளந்து எழுதிய அளவு 410 மி.லி. மற்ற நேரங்களில் சராசரி 110. சிறுநீர்ப்பையின் கொள்ளளவு சரியாகவே இருக்கிறது. இரவில் போவதும் 100 மி.லி. அளவுதான். “மூத்திரம் எழுப்புதா, முழிப்பு வந்ததால போறீங்களா?” என்று கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்து, “முழிப்புத்தாங்க முதல்ல” என்றார்.

நோட்டைப் பிடுங்கவில்லை. மாதத்துக்கு மூன்று நாள் மட்டும், நேரமும் அளவும் மட்டும். நிறம், நுரை, வேகம் வேண்டாம். அதற்கு அவர் ஒப்புக்கொண்டது அவருடைய தொழில் கணக்கால்தான். எத்தனை குறைவரை சரக்கை ஏற்கலாம் என்று வரையறுக்கும் ஏ.க்யூ.எல். கணக்கில் 2.5 என்றால், 3,000 பீஸ் சரக்குக்கு எத்தனை எடுத்துப் பார்ப்பீர்கள் என்று கேட்டோம். “125 பீஸுங்க. 7 வரைக்கும் டிஃபெக்ட் இருந்தாலும் சரக்கு பாஸ். 8 ஆனா ரிஜெக்ட்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். உங்கள் உடம்புக்கு மட்டும் பூஜ்யம் கேட்கிறீர்களே என்று நாங்கள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டு வார அறிவாற்றல்-நடத்தை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை) அமர்வுகளில் இந்த ஏழுதான் திரும்பத் திரும்ப வந்தது.

மருந்து: முன்பு ஒருவர் அமிட்ரிப்டிலின் 25 மி.கி. கொடுத்து, வாய் உலர்ந்து சிறுநீர் இன்னும் தயங்கியது. டுலாக்செட்டின் வலிக்கு நல்லது என்றாலும் சிறுநீர்க்குழாய்ச் சுருக்குத்தசையை இறுக்கும். ஆகவே மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின் 25 மி.கி. ஒரு வாரம், பிறகு 50 மி.கி. விந்து வரத் தாமதமாகும், முதல் இரண்டு வாரம் படபடப்பு கூடலாம், இரண்டும் எதிர்பார்த்தவையே என்று கணவன் மனைவி இருவரிடமும் முன்கூட்டியே சொன்னோம். டாம்சுலோசின் கற்றுத்தந்த பாடம்.

ஐந்தாவது வாரம்

சளி பிடித்து மருந்துக்கடையில் மாத்திரை வாங்கினார். குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த வழக்கமான சளி மாத்திரைதான். முதலாவது சிறுநீர்ப்பைச் சுருக்கத்தைத் தளர்த்தும், இரண்டாவது சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதியை இறுக்கும். மூன்று மாத்திரை போட்டதும் ஆறு மணி நேரம் சிறுநீர் வரவில்லை. அவசரப் பிரிவில் ஸ்கேன் 450 மி.லி. காட்டியது. குழாய் போடத் தட்டு தயாரானபோது முகம் வெளிறிப்போனது: அப்பாவின் பை. அளவு இன்னும் ஆபத்தை எட்டாததால் தனி அறையில் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தோம். இருபது நிமிடத்தில் போனார், தண்ணீருக்குள்ளேயே. வரவில்லை என்றால் குழாய் போட்டிருக்கத்தான் வேண்டும். அதில் பிடிவாதம் கூடாது.

அடுத்த பத்து நாள் எல்லா மதிப்பெண்ணும் பழைய இடத்துக்கே திரும்பின. சளி மாத்திரை பற்றிச் சொல்லாமல் விட்டது எங்கள் பிழை. இப்போது அது அச்சிட்ட தாளில் முதல் வரியாக இருக்கிறது.

24-ஆம் வாரம்

என்.ஐ.ஹெச். பட்டியல் 29-இலிருந்து 14. ஆறு புள்ளி குறைந்தாலே நோயாளிக்கு மாற்றம் தெரியும். அறிகுறி மதிப்பெண் 17-இலிருந்து 9, மனச்சோர்வு 15-இலிருந்து 6, பூதாகரமாக்கல் 34-இலிருந்து 17. பகலில் 8 தடவை, இரவில் ஒன்று. ஒன்பதாவது கேள்விக்குப் பூஜ்யம்.

குணம் அப்படியே இருக்கிறது. கேஸை இன்னும் இரண்டு தடவை பார்க்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டினால் அடிப்பகுதியில் வலி வருகிறது. விந்து தாமதம் இருக்கிறது. இருவருக்கும் அதில் குறை இல்லை. செர்ட்ராலினை இன்னும் ஆறு மாதம் தொடர்ந்து, பிறகு நான்கு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பதாகத் திட்டம்.

வலி மீண்டும் கிளம்பினால் செய்ய வேண்டியதை அவர் கையாலேயே எழுதவைத்தோம்: இரண்டு நாள் வெந்நீர்த் தொட்டி இருவேளை, மூச்சுப் பயிற்சி மூன்றுவேளை, வேலைக்குப் போவது, நோட்டு எழுதாமல் இருப்பது, ஏழாவது நாளும் குறையாவிட்டால் போன் செய்வது. ‘ஏழாவது நாள்’ என்பதன் கீழ் ஸ்கேல் வைத்து இரண்டு கோடு போட்டிருந்தார்.